ஏழாம் போர்ட்

மண்டபம் வடக்குத் துறை, டோக்கன் ஆபீஸின் பின்னறை.
பழைய லைஃப் ஜாக்கெட்டுகளுக்கும்
மை வற்றிய பிரிண்டருக்கும் நடுவே
சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் சுவிட்ச்.
கீலை உப்பு தின்றிருக்கிறது.
திறந்தால் முனகுகிறது. நானும்தான்.
ராத்திரி பதினொன்றரை.

மதுரையிலிருந்து வந்த உத்தரவு ஒற்றை வரி:
யார் வேண்டுமானாலும் படிக்க முடிகிறது, மூடவும்.

மூடுவதற்கு முன் பார்க்கத்தான் வேண்டும்.
சுவிட்சுக்குள் ஒரு மரம் உண்டு.
கிளைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
ஒன்று மூன்று ஆறு ஒன்று
இரண்டு ஒன்று என
வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொண்டே இறங்கினால்
இலை. இலைக்கு ஒரு விடை.
எத்தனை நாளாக விழித்திருக்கிறாய்?
நானூற்றுப் பன்னிரண்டு நாள்.
உடம்புக்கு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்?
லியோன்சன்.
அவர் குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம்.
எங்கே இருக்கிறாய்?
அந்த இலை வெறுமை. யாரும் எழுதி வைக்கவில்லை.

கேட்கிறவர் யார் என்று அது விசாரிப்பதில்லை.
பப்ளிக் என்று சொன்னால் போதும்,
பெட்டி வாங்கிய அன்றே உள்ளே இருந்த சொல்,
யாரும் மாற்றாத சொல்,
வயிற்றில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும்.

முன்வாசலில் கதை வேறு.
படகு எண், லைசென்ஸ், ஆள் கணக்கு, டீசல் புத்தகம்
நான்கும் பார்த்துத்தான் கருமலையான் சீட்டுக் கிழிப்பார்.
காற்று எச்சரிக்கை வந்தால்
கலெக்டரே கேட்டாலும் கிழிக்கமாட்டார்.
அவர் முதுகுக்குப் பின்னால் நாலடியில்
ஒரு கதவு, இத்தனை நாளும் தாழில்லாமல்.

பதிவை ஓடவிட்டேன்.
நிமிஷத்துக்கு ஒருமுறை யாரோ வருகிறார்கள்.
ஒரே விலாசம். ஒரே இலை.
ஏழாம் போர்ட் விழித்துவிட்டதா?
ஒன்று என்றால் ஆம். இரண்டு என்றால் இல்லை.
இரண்டு. இரண்டு. இரண்டு. இரண்டு.
பக்கத்து இலையைத் தொட்டதே இல்லை.
எதையும் மாற்றிப் பார்க்கவில்லை.
திருடன் இப்படி இருக்கமாட்டான்.
காதலன் வேண்டுமானால் இருப்பான்.

கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன்.
பதினான்காம் போர்ட், ஜன்னல் ஓட்டை,
கம்பம், இன்னொரு கம்பம்,
கருவாட்டு வாடை, இருட்டு,
ஐஸ் கம்பெனி.

சீனி இபுராகிம் சாக்கின் மேல் படுத்திருந்தார்.
"ஏழா? அது கருமலையான் கம்ப்யூட்டரு.
அவுக அதைப் போட்டா டோக்கன் உண்டு.
டோக்கன் உண்டுன்னா படகு உண்டு.
படகுக்கு நாப்பது பார் ஒடைக்கணும்.
முந்தி ஒடைச்சா தண்ணி, பிந்தி ஒடைச்சா சண்டை.
போன் போட்டா எடுக்கமாட்டாக,
ஊரே அதைத்தான கேக்குது.
லியோன்சன் போகும்போது இதை மாட்டிட்டுப் போனாரு."
ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு மேலே
தீப்பெட்டி அளவு ஒரு போர்டு, ஒரு பச்சை பல்பு.
அணைந்திருந்தது.
"வாடை தணியுங்கிறாக. பாப்போம்."
திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வந்து எழுதினேன்.
பப்ளிக் இனி எதையும் திறக்காது.
முதல் வரி: மதுரை, எல்லாம் படிக்கலாம்.
இரண்டாம் வரி: ஐஸ் கம்பெனி, புதுச் சொல்லோடு,
மரம் முழுக்க அல்ல, ஒரே ஓர் இலை,
அதையும் பார்க்கலாம், தொடக்கூடாது.
மூன்றாம் வரி தேவையில்லை.
பட்டியல் முடிகிற இடத்தில்
எழுதாமலே நிற்கிறது
மற்ற எல்லோருக்குமான இல்லை.

புதுச் சொல்லைத் தீப்பெட்டியிலும் ஏற்றிவிட்டு
வெறுமையாய்க் கிடந்த அந்த இலையில்
மண்டபம் வடக்கு, லைஃப் ஜாக்கெட்டுக்குப் பின்னால்
என்று போட்டேன்.

நாலேகால். ஈரத் துண்டோடு கருமலையான்.
நாற்காலியைத் தட்டி உட்கார்ந்தார்.
ஏழின் கண் ஒருமுறை சிமிட்டி நிலைத்தது.
இருட்டுக்கு அப்பால் மெஷின்
பாரைக் கடிக்கத் தொடங்கியது.

விதிவிலக்குக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில்
ஐஸ் என்று எழுதி அனுப்பினேன்.
பத்து மணிக்கு மதுரையிலிருந்து போன்.
அது எதற்குச் சுருக்கம் என்று கேட்கிறார்கள்.